பெல் அடிக்காத தனி

நகர வாத்தியக் குழுவின் அரங்கில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு இருபதுக்குத் தொடங்கிய பியானோ கச்சேரியின் முதல் பாகம், ஆறு வருடம் நான்கு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு முடிந்தது. தாமதத்துக்கு வருந்துவதாகக் காரியதரிசி வாசலில் எழுதிப் போட்டிருந்தார்.

இந்த வகைக் கச்சேரியில் நாற்பத்தெட்டு பேர் கொண்ட குழுவும் ஒற்றைப் பியானோவும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். பாகம் முடியப் போகிற நேரத்தில் குழு சட்டென்று நின்றுவிடும். பியானோ தன்னந்தனியாக வாசிக்கும். குழுவினர் இதைத் தனி என்பார்கள். ஒன்றரை நிமிடம் போகும், வாசிப்பவருக்கு ஆர்வக்கோளாறு என்றால் மூன்று. தனி முடிந்ததற்கு அடையாளம், பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை மாறி மாறி நடுங்க அடிப்பது. புத்தகத்தில் அதற்கு வேறு பெயர், குழுவில் பெல். பெல் அடித்ததும் நாற்பத்தெட்டு பேரும் உள்ளே வந்து நான்கு வரி வாசிப்பார்கள், அத்தோடு பாகம் முடிந்தது. பெல்லுக்கு முன்னால் உள்ளே வந்தவர் குழுவின் சரித்திரத்திலேயே ஒருவர்தான், டிரம்பெட்காரர். அவரை இன்றைக்கும் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பியானோக்காரியின் கணவர் அதே குழுவில் ஓபோ வாசித்தவர். ஓபோ என்பது நாயனத்துக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் ஒல்லி. கச்சேரிக்கு முன்னால் மற்ற எல்லோருக்கும் சுருதி கொடுப்பது அதன் வேலை. வீட்டிலும் அவர் அந்த வேலையை விடவில்லை. “நம்ம ஃபிரிட்ஜ் கால் சுரம் கம்மியா முனகுது” என்று பதினான்கு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். “அதுக்கும் நீங்களே சுருதி குடுத்துடுங்களேன்” என்று பதினான்கு வருடம் அவள் பதில் சொன்னாள். கச்சேரிக்குப் பதினொரு வாரம் முன்பு, ஒத்திகைக்கு வந்த பேருந்தில், வாத்தியப் பெட்டியை மடியில் பிடித்தபடியே இறந்துபோனார். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி மூன்று நிறுத்தம் போன பிறகுதான் கண்டக்டருக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் இன்னொரு கண்டக்டர், அதாவது குழுவுக்கு எதிரில் நின்று குச்சி ஆட்டுகிறவர், “எங்கய்யா அந்த மனுஷன்?” என்று மேடையில் கத்திக்கொண்டிருந்தார். அப்படிக் கத்தியதற்காக அவர் பிறகு வெகுநாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டாம் ஓபோக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவராகவே சமாளித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குழு நின்றது. பியானோக்காரி தனியைத் தொடங்கித் தலை நிமிர்ந்தாள். கணவர் நாற்காலியில் இருந்தார். கறுப்புக் கோட்டு, உதட்டில் ஓபோவின் சீவாளி, பெல்லுக்குத் தயாரான முகம். இரண்டாம் ஓபோக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். தனி நடக்கும்போது பேசக் கூடாது. பெல் அடித்தால் நான்கு வரி, நான்கு வரி முடிந்தால் பாகம் முடிந்தது, அவர் போய்விடுவார். பெல் அடிக்க வேண்டிய இடம் வந்தது. அவள் விரல்கள் அதைத் தாண்டிப் போயின.

முதல் வாரம் யாரும் அசையவில்லை. பெல் எந்த நேரமும் அடிக்கலாம் என்பதால் பிறகும் யாரும் அதிக தூரம் போகவில்லை. முறை போட்டுக்கொண்டு குளித்துவிட்டு வந்தார்கள். முரசுக்காரர் இரண்டு அடிக்கு நடுவில் அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்தார். இரண்டாம் வயலின் வரிசையில் இருவர் கல்யாணம் செய்துகொண்டு அதே நாற்காலிகளில் தொடர்ந்தார்கள். கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் வேலைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பி வந்தார்கள். நுழைவுச் சீட்டில் இடைவேளை அச்சடிக்கப்படவில்லை, அதனால் பழைய சீட்டே செல்லும் என்று காரியதரிசி அவர்களைச் சும்மா உள்ளே விட்டார். பியானோக்காரி இடது கை மட்டும் வாசிக்கும் பகுதிகளில் வலது கையால் சாப்பிட்டாள், மெதுவான பகுதிகளில் தூங்கினாள். கச்சேரியின் மெட்டுகள் எல்லாம் முதல் மாதத்திலேயே தீர்ந்துவிட்டன. பிறகு அவள் வீட்டை வாசித்தாள். அவர் தும்மும் விதம், மாடிப்படியில் நான்காவது பலகையின் கிறீச்சு, பெட்டியைப் பூட்டும் இரண்டு கொக்கிகள். அதைக் கேட்டு முன்வரிசையில் ஒருவர் தன் பையைத் தேடினார். கட்டைகளின் நடுவில் விரல் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. ஓபோக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய தங்கை குழுவில் வியோலா, அதாவது சற்றே பெரிய வயலின், வாசிப்பவள். அண்ணனுக்கு முதுகு காட்டி உட்காரும் வரிசை. முதல் நாள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அழுதவள், அதற்குப் பிறகு பயத்தில் திரும்பவே இல்லை. ஏழாவது வருடத்து மழைக்காலத்தில், வில்லுக்கு ரோசின் கட்டியைத் தேய்க்கும் சாக்கில் திரும்பினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்தபடியே பியானோவின் காலடிக்கு வந்தாள்.

“அண்ணி.”

“பேசாத. தனி நடக்குது.”

“ஆறு வருஷமா நடக்குது, தெரியும். அண்ணன் முகத்தைப் பாத்தீங்களா?”

“வேற எதைப் பாக்குறேன்? நல்லாத்தான் இருக்கார். எனக்காகக் காத்திருக்கார்.”

“காத்திருக்கலை அண்ணி. மூச்சை அடக்கிட்டிருக்கான். பெல்லுக்குன்னு அன்னிக்கு இழுத்த மூச்சு. இன்னும் விடலை. கழுத்து நரம்பைப் பாருங்க.”

ஓபோவின் துளை ஊசித் துளை. வாசிப்பவருக்குக் காற்று போதாமல் போவதே இல்லை. இழுத்த காற்று வெளியேற வழியில்லாமல்தான் நெஞ்சு அடைக்கும். கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் அவர் செருப்பைக் கழற்றுவார். பியானோக்காரிக்கு இது தெரியாததல்ல. பார்த்துக்கொண்டே இருந்ததில் மறந்துவிட்டாள்.

“நாலு நாள் குடுடி” என்றாள்.

“எடுத்துக்கங்க. இனிமே நாலு நாள்ல என்ன ஆயிடப்போகுது?”

அந்த நான்கு நாளும் அவள் என்ன வாசித்தாள் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. வியாழக்கிழமை மூன்று இருபத்தெட்டுக்கு இரண்டு விரல்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் வைத்து பெல் அடித்தாள். வழக்கத்தைவிட ஒரு பங்கு நீளமாக அடித்தாள், அவ்வளவுதான். நாற்பத்தெட்டு பேரும் உள்ளே வந்தார்கள். அவசரம்கூடச் சரியான நேரத்துக்கு வந்தார். நான்கு வரி. கண்டக்டரின் குச்சி இறங்கியது, எல்லோரும் நிறுத்தினார்கள். ஓபோ நிற்கவில்லை. ஆறு வருட மூச்சு நான்கு வரிக்கு அதிகம். அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, கழுத்து நரம்பு தணிந்தது, அவளைப் பார்த்தபடியே கண் சொக்கியது. பிறகு நாற்காலி காலியாக இருந்தது. சுரம் மட்டும் அங்கேயே நின்றது.

“இன்னும் ரெண்டு பாகம் இருக்கே” என்றார் காரியதரிசி. அதையும் வாசித்துவிட்டு ஐந்து மணிக்குள் வீட்டுக்குப் போனார்கள்.

சுரம் இப்போதும் அரங்கில் இருக்கிறது. துடைத்துப் பெருக்குகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. குழு அதற்கே சுருதி சேர்த்துக்கொள்கிறது. புதிய ஓபோக்காரர் அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். சுரம் வருடத்துக்கு ஒரு நூலளவு மெலிவதாகப் பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவர் கருவி வைத்துக் கண்டுபிடித்தார். இன்னும் எத்தனை நாள் வரும் என்று பியானோக்காரி கேட்டபோது, “முப்பது, முப்பத்தஞ்சு வருஷம் தாங்கும். கவலைப்படாதீங்கம்மா, உங்க காலத்துக்குக் காணும்” என்றார்.

வீட்டில் ஃபிரிட்ஜ் கால் சுரம் கம்மியாகவே முனகுகிறது. அரங்கிலிருந்து திரும்பும் நாட்களில் அவள் அதன் கதவில் காதை வைத்து ஒத்துப்பார்க்கிறாள். முனகலைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்கை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டாள்.