சாட்சிக்கு வந்த மான்குட்டி

குழந்தைக்குப் பாலூட்டி, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் வரவைத்து, தொட்டிலில் கிடத்திவிட்டுக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டாள் அந்த பஸ் ஓட்டுநர். முன்னறையில் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கணவனிடம், "பால் எடுத்து வச்சிருக்கேன். அழுதா வெதுவெதுன்னு பண்ணிக் குடு. மத்தியானம் வந்துடுவேன்" என்றாள்.

நாற்காலியில் சாய்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் தையல்காரரின் அக்கா. தெருவில் அவருக்கு 'ஜட்ஜம்மா' என்று பெயர். கோர்ட் வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் யார் வீட்டு விஷயமானாலும் இரண்டு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லிவிடுவார். தம்பி மனைவியை வேலையிலிருந்து நிறுத்துவது என்ற முடிவோடுதான் இந்த முறை பெட்டியுடன் வந்து இறங்கியிருந்தார்.

"பால் மறக்காத பிள்ளையைப் போட்டுட்டு ஊருக்கு பஸ் ஓட்டப் போறா. இவளும் ஒரு தாய்!" என்று சுவரிடம் சொன்னார். சுவர் கண்டுகொள்ளவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளுக்குத்தான் கேட்டது.

"போதும் அண்ணி. வேலையை விட்டுடறேன்னு இன்னைக்கு டிப்போவில சொல்லிடறேன். இதைக் கேட்டுட்டுப் போய் என்னால ஸ்டியரிங் பிடிக்க முடியல." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

வழக்கு ஜெயித்த தெம்பில் ஜட்ஜம்மா காலை நடைக்குக் கிளம்பினார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் காடு. திரும்பி வந்தபோது அவர் சால்வைக்குள் புள்ளி புள்ளியாக ஒரு மான்குட்டி இருந்தது.

"புல்லுக்குள்ள தனியாக் கிடந்ததுடா! கிட்டப் போனாலும் அசையல. ஓடக்கூடத் தெரியல, பாவம். பெத்துப் போட்டுட்டு எவளோ போயிட்டா. அவளுக்கும் எங்கயோ டூட்டி போல!"

தம்பிக்கு விஷயம் புரிந்தது. அக்கா கொண்டுவந்திருப்பது குட்டி அல்ல, சாட்சி. அவர் வாதாடவில்லை. வனத்துறைக்குப் போன் போட்டார்.

ஜீப்பில் வந்த பெண் அதிகாரி குட்டியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இதை யாரு தூக்கிட்டு வந்தது?"

"தூக்கிட்டு வரல. காப்பாத்திட்டு வந்தேன்" என்றார் ஜட்ஜம்மா.

"அம்மா இருக்கிற குட்டியைத் தூக்கிட்டு வந்தா அதுக்குப் பேரு பிள்ளை பிடிக்கிறதும்மா."

ஜட்ஜம்மாவை வாழ்நாளில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதிகாரி தொடர்ந்தார்: "குட்டி மேல வாசனை ரொம்பக் கம்மி. அசையாம படுத்திருந்தா நரி பக்கத்துலயே போனாலும் தெரியாது. தாய் கூடவே நின்னா, அவ வாசனைதான் காட்டிக் கொடுக்கும். அதான் ஒளிச்சு வச்சுட்டுத் தள்ளிப் போய் மேயும். மேஞ்சாத்தானே பால் ஊறும்? பசி நேரத்துக்கு வந்து ஊட்டிட்டுப் போகும்."

சாட்சி பல்டி அடித்துவிட்டது.

குட்டியை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, தூரத்தில் ஜீப்பின் மறைவில் நின்றார்கள். தம்பி குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். வெயில் ஏறியது. மான் வரவில்லை.

"வராமப் போயிடுவாளோ?" ஜட்ஜம்மா எட்டி எட்டிப் பார்த்தார். "நான் தொட்டதால ஒதுக்கிடுவாளோ?"

"அதெல்லாம் ஒதுக்காது. நாம பேசாம இருந்தா வரும்."

பேசாமல் இருப்பது ஜட்ஜம்மாவுக்குப் பழக்கமில்லாத வேலை. இருந்தாலும் செய்தார். கொஞ்ச நேரத்தில், "இதோட அப்பன்காரன் எங்க?" என்று மட்டும் கிசுகிசுத்தார்.

"அது கொம்பைத் தூக்கிட்டு இன்னொண்ணோட முட்டப் போயிருக்கும். குட்டி வளக்கிறதுல அதுக்குப் பங்கே கிடையாது."

பால் பாட்டிலும் துண்டுமாக நின்ற தம்பியை ஜட்ஜம்மா ஏற இறங்கப் பார்த்தார். இவனுக்குக் கொம்பு முளைக்காமல் போனது குடும்பத்துக்கு நல்லது என்று அன்றுதான் தோன்றியது.

மத்தியான ஓய்வுக்கு வந்த ஓட்டுநர், வீடு பூட்டியிருக்கக் கண்டு போனில் விசாரித்து, காக்கிச் சட்டையோடு அங்கேயே வந்து சேர்ந்தாள். வந்ததும் குழந்தையை வாங்கி ஜீப்புக்குள் உட்கார்ந்து பாலூட்டினாள். அப்போதுதான் புதர் அசைந்தது. காதை நிமிர்த்தி, காற்றை மோந்து, ஒவ்வொரு அடியாக வைத்து வந்தது தாய் மான். குட்டி துள்ளி எழுந்து மடியில் முட்டியது. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது.

ஜட்ஜம்மா மானைப் பார்த்தார். ஜீப்புக்குள் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"தப்பு என் மேலதாம்மா. விட்டுட்டுப் போறது வேற, பிள்ளைக்காகப் போயிட்டுத் திரும்பி வர்றது வேற. இது தெரியாம உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். வேலைக்குப் போற தாயைப் பார்த்து, பிள்ளையை அம்போன்னு விட்டுட்டான்னு இனி எவ சொன்னாலும், அவளுக்கு நான் சொல்றேன் பதில்."

ஓட்டுநர் சிரித்துவிட்டாள். "அண்ணி, டிப்போவில இன்னும் எதுவும் சொல்லல. அடுத்த டிரிப்புக்குப் போறப்போ சொல்லலாம்னு இருந்தேன். அதுக்கே லேட்டாயிடுச்சு. இப்போ என்ன சொல்றது?"

குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஜட்ஜம்மா தீர்ப்பு வழங்கினார்:

"மான் குறுக்க வந்துச்சு, அதான் லேட்டுன்னு சொல்லு. கிளம்பு, ஜனம் காத்துக்கிட்டிருக்கும்."