சுவர் மூலையில் ஒரு டம்ளர்

கேசவமூர்த்தி சார் மைக்கைப் பிடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் அவருடைய பத்திரிகையாளர் கூட்டத்துக்குப் போனேன்.

சாமராஜநகர் சாலையில், ஏரிக்கரை மேட்டில், ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய கங்கர் காலக் குடியிருப்பைக் கண்டுபிடித்துவிட்டாராம். பத்திரிகைகளில் அவர் படம். அந்த மேட்டில் முதல் குழி வெட்டியவள் நான். அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, செங்கல் சுவரின் மூலையையும் பாசிமணிகளையும் நான்தான் வெளியே கொண்டுவந்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் போன நூற்றாண்டுக் குப்பை, குழியை மூடு என்றார். மணிகளை மட்டும் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். என் ஆராய்ச்சியும் அதோடு மண்ணாய்ப் போனது. இப்போது மண்டி மொஹல்லாவில் ஒரு கைபேசிக் கடையில் பில் போடுகிறேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் மனுஷன் ஒன்றை மறந்துவிட்டார். வெட்டிய குழியை மூடும்போது அடியில் நம் காலத்துப் பொருள் ஒன்றை வைக்கவேண்டும். பின்னால் தோண்டுகிறவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. வகுப்பில் இதைச் சொல்லித்தந்தவரே அவர்தான். மற்றவர்கள் காசு போடுவார்கள். அன்றைக்கு என்னிடம் இருந்தது எவர்சில்வர் டம்ளர். தேவராஜ மொஹல்லா பாத்திரக்கடையில் அம்மா என் பெயர் வெட்டி வாங்கித் தந்தது. அதைச் சுவர் மூலையில் கவிழ்த்து வைத்து மூடினேன்.

மேட்டில், தோண்டிய குழியின் ஓரத்திலேயே கூட்டம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டியது. சமாளித்துக்கொண்டு, வந்ததில் சந்தோஷம் என்றார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு கேமராக்களுக்கு முன்னால், இந்த மண்ணில் இதுவரை யார் கையும் பட்டதில்லை என்று முழங்கினார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

"சார், அந்தச் சுவர் மூலையில இன்னும் ஸ்வல்ப ஆழம் தோண்டச் சொல்லுங்க," என்றேன்.

நிருபர்கள் அவரைப் பார்த்தார்கள். மறுத்தால் அசிங்கம். குழிக்குள் நின்ற கூலியாள் பசவராஜுக்குத் தலையசைத்தார். கொஞ்ச நேரத்தில் கொத்துக்கரண்டி எதிலோ தட்டியது. பசவராஜ் டம்ளரை மண்ணோடு எடுத்து அவர் கையிலேயே கொடுத்தான்.

சார் மைக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"மூடச் சொன்னீங்க, மூடினேன் சார்." என் கர்சீப்பை நீட்டினேன். "மண்ணத் தொடச்சிட்டு, அதுல இருக்கற பேர மைக்ல படிங்க."

துடைத்தார். ஜீவிதா என்று படித்தார். சத்தம் போதவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.