விழக் கற்றுக்கொடுக்கும் பீரியட்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. தங்கை புலம்பியதிலிருந்து சுட்டது. அவள் ஆரம்பப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. புதிய கொள்கை ஒன்று வந்திருக்கிறது: சின்ன வகுப்புகளுக்குத் தனியாக ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் எதற்கு, வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்ளட்டும். தனி ஆசிரியர் வேண்டும் என்கிற பள்ளி, கல்வி அதிகாரி முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

‘பரந்த மைதானத்தின் மீது கதிரவன் தன் பொற்கரங்களை…’

(அடித்துவிட்டேன். “அது மைதானமே இல்லண்ணா, வண்டி நிறுத்துற இடம்” என்றாள்.)

2
அவள் பந்தைக் கையில் கொடுப்பதற்கு முன் விழக் கற்றுக்கொடுப்பாள். பாயை விரித்து, முழங்காலை மடக்கி, தாடையை மார்போடு சேர்த்து, தோளில் உருள வேண்டும். கையை மட்டும் ஊன்றக் கூடாது. ஊன்றினால் மணிக்கட்டு போச்சு.

அதிகாரி வருகிற ஒருநாள் மட்டும் அணிவகுப்பு வைத்துவிடு, பார்க்க லட்சணமாக இருக்கும் என்று தலைமையாசிரியை கெஞ்சினார். நானும் ஒத்து ஊதினேன், வர்ணிக்க வசதி. எங்கள் இருவரையும் அவள் சட்டை செய்யவில்லை. குடும்பத்துப் பிடிவாதம் முழுக்க அவளுக்குப் போய்விட்டது. எனக்கு வாய் மட்டும்தான் மிச்சம்.

3
அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டாம் வகுப்பு மொத்தமும் பொத்துப் பொத்தென்று விழுவதைப் பார்த்தார். இவர்கள் எப்போதுதான் விளையாடுவார்கள் என்று கேட்டார்.

“விழற பயம் போனதும் சார்.”

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அது எந்தத் தலையாட்டல் என்று யாருக்கும் புரியவில்லை.

(இந்த இடத்தில் நாற்காலி கவிழ்ந்து, அதிகாரி கையை ஊன்றி, வலியில் ஞானம் பிறந்து, கொள்கையே மாறுவதாக எழுதினேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வெட்கமாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.)

4
உத்தரவு இன்னும் வரவில்லை. இதற்கிடையில் அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? வேலை போனால் அந்த வகுப்பு யார் தலையில் விழுமோ, அந்த வகுப்பாசிரியைக்கு, முட்டிவலிக்காரருக்கு, பள்ளி விட்டதும் பாயில் விழக் கற்றுக்கொடுக்கிறாள். அவர் திட்டிக்கொண்டே உருள்கிறாராம்.

உனக்கு நீயே குழி தோண்டுகிறாயா என்று கத்தினேன்.

“நான் போயிட்டா பிள்ளைங்க கையை உடைச்சுக்கக் கூடாதில்ல” என்றாள். அப்புறம், குரல் உடைந்து, “ஆனா எனக்குப் போகப் பிடிக்கலண்ணா.”

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

5
முடிவு ஒன்று: வேலை நிலைக்கிறது. (நான் எழுதினால் அசட்டுத்தனமாகக் கைதட்டல் சேர்த்துவிடுவேன்.)
முடிவு இரண்டு: அவளை எங்கோ ஓர் அலுவலக நாற்காலிக்கு மாற்றிவிடுகிறார்கள். (எழுதினால் அவள் என்னோடு பேசமாட்டாள்.)

‘அன்று காலை உத்தரவு வந்தது. அதில்…’

என்னால் இவ்வளவுதான் முடியும். மீதியை நீங்கள் எழுதுங்கள். எப்படி முடித்தாலும் சரி, முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள், தாடையை மார்போடு சேருங்கள். கையை மட்டும் ஊன்றிவிடாதீர்கள்.