துடைத்து வைத்த வீடு

குடியேற்ற அதிகாரி வீடு பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்த அன்றே நாங்கள் தப்புப் பண்ணத் தொடங்கிவிட்டோம். நானும் என் வீட்டுக்காரரும் நிஜமாகவே ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிறோமா என்று அவர் பார்ப்பார். ஆமென்று எழுதினால் நான் இந்த நாட்டில் இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வீட்டுக்கு ஆள் வந்தால் எங்களுக்கு என்ன தெரியும்? துடைக்கத் தெரியும், அடுக்கத் தெரியும், ஒளித்து வைக்கத் தெரியும். எங்களுக்கு ஒரே அறை, ஒரே அலமாரி. துணி வழிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் தன்னுடைய சட்டை, பேன்ட், சலவை ஆலைக்குப் போட்டுக்கொண்டு போகும் பூட்ஸ் எல்லாவற்றையும் இரண்டு பைகளில் திணித்து, பக்கத்துத் தெருவில் கூட வேலை பார்ப்பவர் அறையில் போட்டுவிட்டு வந்தார். தேய்ந்துபோன பல் பிரஷ்ஷைக்கூட விடவில்லை, அசிங்கமாக இருக்கிறதாம்.

குறித்த நாளன்று காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார், ஒரு அம்மாள். சிரிக்கவில்லை. கைபேசியை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். உள்ளிருந்து ஒரு பெண் தமிழில் பேசினாள்.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். யார் எது சொன்னாலும் விடாம அப்படியே சொல்லுவேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வந்து நாலு மாதம் ஆகிறது, இந்த ஊரில் வீட்டுக்காரரைத் தவிர யாரும் என்னிடம் தமிழ் பேசியதில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதிகாரி அலமாரியைத் திறந்தார். என் சுடிதார்கள் மட்டும் தொங்கின. குளியலறைக்குள் போனார். ஒரு பிரஷ், ஒரு துண்டு. திரும்பி வந்து என்னவோ கேட்டார்.

"இவர் துணியெல்லாம் எங்கன்னு கேக்கறாங்க."

வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "ஃபிரெண்டு ரூம்ல இருக்கு."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று இருவருக்கும் உறைத்தது. அதிகாரியின் பேனா ஓட ஆரம்பித்தது. பயத்தில் கோபம்தான் முதலில் வரும் எனக்கு.

"நான் அப்பவே வேண்டாம்னேன்."

"எப்ப சொன்ன? துணி வழியுதுன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டது யாரு?"

"ஒழுங்கா மடிச்சு வைங்கன்னேன். அடுத்தவங்க ரூம்ல கொண்டுபோய்ப் போடுங்கன்னா சொன்னேன்?"

"எல்லாம் என்னாலதான். போதுமா?"

"போதாது. விடிகாலைல போறீங்க, வந்து சாப்பிட்டுக் கட்டையா விழறீங்க. நான் பேசறதுக்கு இந்தச் சுவருதான் இருக்கு. அன்னிக்கு பஸ் மாறி ஏறி, வழி கேக்க வாய் வராம ரெண்டு மணி நேரம் நடந்தே வந்தேன். என்னை அனுப்பிடுங்க. தினம் அதத்தான் நினைச்சிக்கிட்டிருக்கேன்."

கைபேசியிலிருந்து அந்தப் பெண் தணிந்த குரலில், "அம்மா, இதையும் நான் சொல்லித்தான் ஆகணும்," என்றாள்.

சொன்னாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். நானே என் வாயால் காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி முழுவதையும் கேட்டார். வெகுநேரம் எழுதினார். பிறகு பேசினார். அந்தப் பெண் தமிழில் சொன்னாள்.

"விசா காகிதத்துக்காகச் சேர்ந்தவங்க நல்லா ஒப்பிப்பாங்களாம். திருப்பி அனுப்புன்னு யாரும் கேட்டதில்லையாம். அனுமதி குடுக்கலாம்னு எழுதிட்டாங்க. துணிய இன்னிக்கே எடுத்துட்டு வரச் சொல்றாங்க."

அந்த அம்மாள் போன பிறகும் வீட்டுக்காரர் கதவருகிலேயே நின்றார்.

"நிஜமாவே போகணும்னு இருக்கா?"

"ஆமா."

சண்டையில் வந்த வார்த்தை என்று மழுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேங்க. நீங்க தூங்கிட்டீங்க."

அவர் வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "இப்பச் சொல்லு," என்றார்.

பஸ் ஏறியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். நடுநடுவே நிறுத்தி, அவர் விழித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டேன்.