நல்ல வார்த்தை மட்டும் சொன்ன புத்தகம்

ஆலங்காயம் சந்தையில் வெங்காயக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில் சாக்கை விரித்துப் புத்தகம் விற்பவர் பாஷா. பஞ்சாங்கம், கனவுப் பலன், பல்லி விழும் பலன், கடிதம் எழுதுவது எப்படி என்று மனுஷனுக்கு வேண்டிய சகலமும் அந்தச் சாக்கில் கிடைக்கும். அன்றைக்கு அவர் முன்னால் குந்தியிருந்தவன் அர்ச்சுனன். காவலூருக்கு அந்தப் பக்கம் மலைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ஊர்க்காரன். அந்த ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள். கூட்டுறவுச் சங்கத்தில் புளி எடை போடுகிற உத்தியோகம். அவன் மனைவி சுந்தரம்மாளுக்கு ஏழு மாசம். தலைப்பிள்ளை.

"பாய், மாசமா கீறவங்க படிக்கிற மாதிரி எதுனா பொஸ்தகம் கீதா?"

"ஓ, ரெண்டு கீது சார். பாத்து எடுங்க."

முதல் புத்தகம் ஒல்லி. அட்டையில் படம் கிடையாது. ஒரு டாக்டரம்மாவின் பெயர், பெயருக்குக் கீழே அவர் படித்த படிப்பு, அவ்வளவுதான். அர்ச்சுனன் நடுவில் பிரித்தான். 'ரத்தம் போனால்' என்று ஒரு தலைப்பு. புரட்டினால் 'வலிப்பு வந்தால்' என்று இன்னொன்று. நெருப்பைத் தொட்டவன் மாதிரி கீழே போட்டான்.

"சே! இன்னா பாய் இது, எடுத்தவொடனே அபசகுனமா கீது? புள்ளத்தாச்சி கையில இதயா குடுக்கறது?"

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ரொம்ப நாளா இந்த ஒண்ணயே தூக்கிக்கினு திரியிறேன். இத்தப் பாருங்க, இதான் நல்லா போவுது."

இரண்டாவது கனமாக இருந்தது. வழுவழு அட்டையில் ஒரு கொழுகொழு குழந்தை சிரித்தது. உள்ளே குழந்தை சிவப்பாகப் பிறக்க என்ன சாப்பிடலாம், ஆணா பெண்ணா என்று எப்படிக் கண்டுபிடிக்கலாம், எந்த நட்சத்திரத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பக்கத்துக்குப் பக்கம் மங்களகரமாக இருந்தது. எழுதியவர் யார்? 'அனுபவசாலி ஒருவர்' என்று போட்டிருந்தது. என்ன அனுபவமோ, யாருக்குத் தெரியும்! கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பிப் புழு பார்க்கிறவன் அர்ச்சுனன். புடவை எடுத்தால் சாயம் போகுமா என்று நாலு தரம் கேட்பான். இரண்டு உயிருக்கு வழி சொல்ல வேண்டிய புத்தகத்தை மட்டும் அட்டையைப் பார்த்து வாங்கிக்கொண்டு மலையேறினான்.

சுந்தரம்மாளுக்கு ஒரே சந்தோஷம். மலைப் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவள் அவள். வாசலில் குந்தி அப்போதே வாசிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கம் போனது, இரண்டாம் பக்கம் போனது. மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியை முடித்தவள், பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னாலேயே அடுத்த வரியைச் சொன்னாள். திருப்பிப் பார்த்தால் அதே வரி. அதற்கடுத்த வரியும் வாயில் தானாக வந்தது. புத்தகம் கையிலிருந்து நழுவி விழுந்தது.

அந்தப் புத்தகத்தை மண்ணுக்குள் புதைத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அவளுடைய அக்கா குப்பம்மா செத்துப் பத்து வருஷம் ஆகிறது. வயிற்றுப் பிள்ளையோடு போனவள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் லீவில் வந்திருந்த தங்கச்சியை மடியில் சாய்த்துக்கொண்டு, தன் புருஷன் சந்தையில் வாங்கிவந்த புத்தகத்தைத் தினமும் படிக்கச் சொல்லிக் கேட்பாள். ஒரு பக்கம் முடிந்தால், "அப்பறம் இன்னா போட்டிருக்கு? படிடீ" என்பாள். கேட்ட பக்கத்தையே மறுபடி கேட்பாள். அப்படித்தான் சுந்தரம்மாளுக்கு அது மனப்பாடம் ஆனது. குப்பம்மா செத்தபோது அவள் புழங்கிய சீப்பு, கண்ணாடி, புடவையோடு அந்தப் புத்தகத்தையும் குழியில் வைத்துத்தான் மூடினார்கள்.

"அத்தே, எங்கக்கா பொஸ்தகம் திரும்பி வந்துடுச்சி" என்றாள் சுந்தரம்மாள்.

மாமியார் அம்மாக்கண்ணு வாயில் அடித்துக்கொண்டாள். "அடி யம்மா, அவளேதான்டி வந்துகீறா! ஆசயோட போனவளாச்சே!" என்று வேப்பிலையைக் கொண்டுவந்து நிலையில் செருகினாள். மஞ்சள் கயிறு மந்திரித்து வந்து மருமகள் கையில் கட்டினாள்.

அர்ச்சுனன் சிரித்தான். "பேயாவது பிசாசாவது! பழைய பொஸ்தகத்துக்குப் புது அட்ட போட்டு, வேற பேரு வெச்சி அச்சடிச்சிருப்பான். திரும்பத் திரும்ப அச்சடிக்கிறான்னா அது நல்ல பொஸ்தகம்னுதானே அர்த்தம்? அச்சுல பொய்யி போடுவாங்களா?"

பேய் இல்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்த அந்தப் படித்த புத்திக்கு அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கத் தெரியவில்லை. என்னத்தைச் சொல்ல! புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிச் சாமி படத்துப் பக்கத்தில் வைத்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் குப்பம்மா இருந்தாள். உலையில் அரிசி போடும்போது சுந்தரம்மாளுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருக்கும். புத்தகத்தைத் தொடக்கூடாது என்று நினைப்பாள். ஆனால் கை தானாகப் போகும். ஒரு பக்கம் முடிந்ததும் காதோரம் மூச்சுப் படுகிற மாதிரி, "அப்பறம் இன்னா போட்டிருக்கு?" என்று கேட்கும். அவள் பயந்து அடுத்த பக்கத்தைத் திருப்புவாள். படிப்பதை நிறுத்தினால் அக்கா கோபித்துக்கொள்வாள் என்று தோன்றும்.

எட்டாம் மாசத்தில் கால் வீங்கியது. மெட்டி சதைக்குள் போய்விட்டது. புத்தகத்தில் போட்டிருந்தது: 'கால் வீக்கம் கண்டால் பிறப்பது ஆண் சிங்கம்.' அம்மாக்கண்ணு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அர்ச்சுனன் சங்கத்தில் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். சுந்தரம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இதே வரியை அவள் படித்தபோது குப்பம்மா தன் வீங்கின காலைத் தடவித் தடவிச் சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

கொஞ்ச நாளில் முகமும் உப்பிக்கொண்டது. ஒருநாள் காலையில் சாமையை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. கையால் விரட்டினாள். பூச்சி போகவில்லை. தலை இரண்டாகப் பிளக்கிற மாதிரி வலி. "அய்யோ" என்று முறத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அர்ச்சுனன் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தான். "தோ போட்டிருக்கு. சூடு தலைக்கேறினா தலவலி வரும், கண்ணு மங்கும். வெளக்கெண்ண வெச்சி, இருட்டு ரூம்புல படுக்க வெக்கணும். வெளிய அனுப்பக்கூடாது. ஒண்ணும் பயமில்ல சுந்தரம்."

சாளரத்தில் சாக்கைக் கட்டினார்கள். உச்சியில் விளக்கெண்ணெயை வழிய வழிய வைத்து அவளைப் படுக்க வைத்தாள் அம்மாக்கண்ணு. கதவைச் சாத்தினார்கள்.

வெளியே கோழி கொக்கரித்தது. உள்ளே கண்ணைத் திறந்தாலும் இருட்டு, மூடினாலும் இருட்டு. அந்த எண்ணெய் வாசனை அவளுக்குத் தெரியும். அக்கா கடைசியாகப் படுத்திருந்த அறையின் வாசனை அது. அன்றைக்குக் கதவிடுக்கில் வந்த துளி வெளிச்சத்தில் இந்தப் பக்கத்தைத்தான் அவள் படித்தாள். அக்கா தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள், "எண்ண வெச்சும் வலி போவலடீ. அப்பறம் இன்னா போட்டிருக்கு?"

இப்போதும் கேட்டது. பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்கிற மாதிரி கேட்டது.

சுந்தரம்மாள் மனசுக்குள் பக்கத்தைத் திருப்பினாள். அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்த பக்கத்தில் பெயர்ப் பட்டியல். அன்றைக்குப் பத்து வயசுப் பிள்ளை அவள், அதைத்தான் படித்தாள். பெயர்களைக் கேட்டுக்கொண்டே இருந்த அக்காவுக்கு மறுநாள் பொழுது சாய்வதற்குள் வலிப்பு வந்தது. முனி அடித்துவிட்டது என்றார்கள். ஊரே நம்பியது. அவளும் நம்பினாள்.

பத்து வருஷமாக அக்கா மிரட்டவில்லை, கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். பதில் கிடைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அது புரிந்ததும் சுந்தரம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து கதவைத் தள்ளினாள்.

"மாமா, என்னக் கீழ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

"பொஸ்தகத்துல வெளிய போவக்கூடாதுன்னு..."

"எங்கக்காளுக்கும் இதே பக்கத்தத்தான் படிச்சேன். இதே எண்ணயத்தான் வெச்சாங்க. மறுநாளே செத்துப்போனா. எண்ண வெச்சும் வலி போவலன்னா இன்னா பண்றது? எங்க போட்டிருக்கு, நீயே படி மாமா."

அர்ச்சுனன் பக்கத்தைத் திருப்பினான். 'ரோகிணியில் பிறந்த ஆண் குழந்தைக்கு' என்று இருந்தது. பின்னால் திருப்பினான். மறுபடி முன்னால் திருப்பினான். ஏதாவது தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தான். அச்சில் போட்டது பொய்யாகாது என்று இருந்தவனுக்கு, அச்சில் போடாமல் விட்டதைப் பற்றி அதுவரை நினைப்பே வந்ததில்லை. புத்தகத்தைப் போட்டுவிட்டு ஆள் கூப்பிட ஓடினான்.

மூங்கிலில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி அவளைப் படுக்க வைத்து ஊர்க்காரர்கள் தூக்கினார்கள். காவலூர் பஸ்ஸைப் பிடிக்க அந்த மலை ஊர்களுக்கெல்லாம் ஒரே வழிதான். அந்த வழியில்தான் குப்பம்மாவுக்காக நட்ட சுமைதாங்கிக் கல் இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமல் செத்தவளுக்கு அப்படிக் கல் நடுவது வழக்கம். வழிப்போக்கர்கள் புளிமூட்டையை அதில் இறக்கி வைத்தால் அவள் சுமை குறையும் என்பார்கள். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி எவளும் அந்தக் கல்லைத் தாண்டமாட்டாள்.

"வாணாண்டா அர்ச்சுனா, அவ புடிச்சிக்குவா!" என்று அம்மாக்கண்ணு தூளியைப் பிடித்து இழுத்தாள்.

சுந்தரம்மாள் போர்வையை விலக்கிக் கையை நீட்டிக் கல்லைத் தொட்டாள். வெயிலில் அது சுட்டது. "அக்கா, நீ போவ முடியாத எடத்துக்கு நான் போறேன். போய்ட்டு வர்றேன்கா" என்று சொல்லி அழுதாள். தூக்கி வந்தவர்களும் அழுதார்கள். அம்மாக்கண்ணு தூளியை விட்டுவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

கீழே ஆஸ்பத்திரியில் நர்சு காந்தா கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள். இரண்டாம் தரம் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ஊசி போட்டார்கள். மேலே தொங்கிய பாட்டிலிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

காந்தா வெளியே வந்து அர்ச்சுனனைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்பா, மூஞ்சி வீங்கி, கண்ணுல பூச்சி பறக்குதுன்னு சொல்றா, இருட்டு ரூம்புல பூட்டி வெச்சியாமே? இன்னும் ஒரு ராத்திரி வுட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். பொணத்தத்தான் தூக்கிக்கினு வந்திருப்ப. யார் குடுத்த புத்தி இது?"

"பொஸ்தகத்துல போட்டிருந்துச்சிங்க."

"எந்த மகராசன் எழுதினான்?"

அர்ச்சுனனுக்குச் சந்தைச் சாக்கில் தான் கீழே போட்ட அந்த ஒல்லிப் புத்தகம் நினைவுக்கு வந்தது. 'வலிப்பு வந்தால்' என்று அதில் ஒரு பக்கம் இருந்ததே! அபசகுனம் என்று மூடிவைத்தது அவன் கைதானே! ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் குந்தித் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

குழந்தை முன்கூட்டியே பிறந்தது. கைக்கு அடங்குகிற மாதிரி சின்னதாக, பெண்ணாக. ஆண் சிங்கம் என்று போட்டவன் வாயில் மண்! ஆனால் வீறிட்டு அழுதது. தாயும் பிழைத்தாள். வீக்கம் வடிந்து, பூச்சி பறப்பது நின்று, அவள் எழுந்து உட்கார இன்னும் சில நாள் ஆனது.

அன்றைக்கு அர்ச்சுனன் கட்டில் ஓரமாக நின்றான். குழந்தையைப் பார்க்கவும் கூச்சம், அவளைப் பார்க்கவும் கூச்சம். "சுந்தரம், இனிமே பொஸ்தகம்னு ஒண்ண வூட்டுக்குள்ள கொண்டாரமாட்டேன். சத்தியம்."

"அப்டிச் சொல்லாத மாமா. பொஸ்தகம் வேணும். நம்ம மலையில டாக்டரு கீறாரா, நர்சு கீறாங்களா, போயி கேக்க? மாசமா கீற பொண்ணுங்களுக்கு நானே படிச்சிக் காட்டுவேன். ஆனா பாத்து வாங்கு. எழுதினது யாரு, வைத்தியம் படிச்சவங்களான்னு பாரு. சிரிக்கிற படத்தப் பாக்காத, பயமுறுத்தற பக்கத்தப் பாரு. இன்ன இன்ன ஆனா ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு எது சொல்லுதோ அத்த வாங்கு. எப்ப தன்ன மூடி வெச்சிட்டு எந்திரிச்சி ஓடணும்னு சொல்லுதே, அதான் நல்ல பொஸ்தகம்."

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு அவனைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கக்காளுக்கு அது ஒரு கெட்ட சேதிகூட சொல்லல மாமா. அவ உசுரு போற வரைக்கும் நல்ல வார்த்தயேதான் சொல்லிக்கினு இருந்துச்சி."