கண்ணீர் அஞ்சலிப் பக்கம்

என் மகள் தினேஸ்வரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பது எனக்கே தெரியாது. கலாதேவி அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிந்தது.

அன்று நான் வேலை செய்யும் கிளினிக்கில் கூட்டமில்லை. பள்ளி விட்டதும் அங்கேயே இருக்கும் பிள்ளையைக் கூட்டிப்போகச் சீக்கிரமே வந்துவிட்டேன். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"கண்ணீர் அஞ்சலி. அமரர் ராஜு. கீழ சைக்கிள் ராஜுன்னு போட்டிருக்கு, பெரியம்மா."

"அடப்பாவமே, சைக்கிள் ராஜு அண்ணனா? நம்ம தோட்டத்துல மொத சைக்கிள் வாங்குனவருலா. ஓட்டத்தான் தெரியாது, தள்ளிக்கிட்டே போவாரு."

இருவரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கலாதேவி என் கணவரின் அண்ணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கோப்பெங் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். என்னை இந்தக் குடும்பத்துக்குப் பெண் கேட்டு வந்ததும் அவள்தான். இப்போது ஈப்போவில் வடை, முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறாள். கை எப்போதும் மாவாக இருக்கும், பேப்பரை யாராவது வாசித்துக் காட்டினால்தான் உண்டு. பேப்பரில் அவளுக்கு வேண்டியது இறந்தவர்கள் படம் போடும் பக்கம் மட்டும். தோட்டத்துச் சனம் லூமுட், தெலுக் இந்தான் என்று மூலைக்கு மூலை சிதறிவிட்டது. யார் இருக்கிறார், யார் போனார் என்பதை அங்கேதான் பார்த்துக்கொள்கிறோம்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"நான் எங்க சொல்லிக் குடுத்தேன்? இது யாரு, இது என்ன எழுத்துன்னு அதுவாக் கேட்டுக் கேட்டுப் படிச்சிருச்சி."

மகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பாமல் சீனப் பள்ளியில் சேர்த்தது நான். வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் என்று சட்டம் போட்டதும் நான். தமிழ் கலந்தால் மாண்டரின் ஏறாது என்று யாரோ சொன்னதை நம்பினேன். விலை உயர்ந்த கதைப் புத்தகங்களாக வாங்கிக் குவித்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து வாசி என்றால் கொட்டாவி விடுவாள். அந்தப் பிள்ளை அங்கே மாவு டின்மேல் உட்கார்ந்து, செத்தவர்களின் மருமகன் பெயரைக்கூட விடாமல் வாசிக்கிறது.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்னை ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை. என் கணவர் தேவனிடம் மட்டும் வேறு பெயர் சொன்னேன்.

"சாவு சேதி படிச்சிப் புள்ள பயந்துக்கப் போவுது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல பாத்துக்குற எடம் இருக்கு, அங்க விடலாம்."

"அண்ணி மனசு கஷ்டப்படும்லா," என்றார் அவர்.

"என் மனசு?"

அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். மறுவாரமே இடத்தை மாற்றிவிட்டேன். தினேஸ்வரி அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது செய்திருப்பேன். 

இடம் மாற்றிய பிறகு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஜைனுலாப்தீன் கடையில் ரொட்டி சானாயோடு தமிழ்ப் பேப்பரும் வாங்கி வந்தேன். அந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்து, வாசித்துக் காட்டச் சொன்னேன்.

நம் வீட்டில் தமிழ் கூடாதே என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இன்னிக்கிப் பரவால்ல. மம்மிக்குப் படி."

வாசித்தாள். தடங்கலே இல்லை. ஆனால் வகுப்பில் எழுப்பி நிறுத்தியதுபோல ஒப்பித்தாள். மூன்றாவது படத்துக்கு வந்தாள். "அமரர் நல்லம்மாள். வயது எண்பத்தெட்டு."

பேப்பரை என் பக்கம் திருப்பிப் படத்தைப் பார்த்தேன். விடியுமுன் அம்மா ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போகும்போது, நல்லம்மாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையில்தான் என்னை விட்டுப்போவார். ஊட்டியதும் உறங்க வைத்ததும் அந்தக் கைதான். நான் தோட்டத்துப் பிள்ளை என்று மகளிடம் சொன்னதே இல்லை, ஈப்போக்காரி என்றே சொல்லி வைத்திருந்தேன். அன்று சொல்லவேண்டும் போலிருந்தது. இந்தக் கதையாவது என்னுடையது என்று நினைத்தேன்.

"இவங்க யாரு தெரியுமா? மம்மி சின்னப் புள்ளையா இருக்கறப்ப..."

"தெரியும்," என்றாள். "பெரியம்மா சொல்லியிருக்காங்க. நீங்க இவங்க சேலையப் புடிச்சிக்கிட்டு விடவே மாட்டீங்களாம். பெரியம்மாதான் உங்கள இடுப்புல தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வருவாங்களாம்."

"எப்ப சொன்னாங்க?"

"ரொம்ப நாளைக்கி முன்ன. உங்ககிட்ட கேக்க வேணாம், வருத்தப்படுவீங்கன்னாங்க."

என் சின்ன வயதைக்கூடக் கலாதேவியே என் மகளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள். பேப்பரைக் கசக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

தினேஸ்வரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பப் பெரியம்மாவுக்கு யாரு படிச்சிக் காட்டுறாங்க? அவங்களுக்கு இது தெரியாமலே போயிரும். போன் பண்ணித் தாறீங்களா?"

முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. எண்ணை அழுத்திக் கொடுத்தேன்.

"பெரியம்மா, நான்தான். உக்காந்துக்குங்க. நம்ம நல்லம்மாள் ஆயா..."

தினேஸ்வரி அழுதாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பக்கத்தில் நான் இருப்பதையே மறந்து, கலாதேவியிடம் அழுதாள்.