மத்திகிரி கங்கப்பன் வாசித்த செய்தி

என் புருஷன் கங்கப்பனுக்குச் சாப்பாடு இல்லாமல் ஒரு நாள் இருக்க முடியும். பேசாமல் ஒரு வேளை இருக்க முடியாது. மத்திகிரி மாட்டுப் பண்ணையில் தீவனம் அறுத்துப் போடுகிற வேலை. அரசாங்கச் சம்பளத்தை வாங்கிக்கொண்டே அந்த அரசாங்கத்தைத் திட்டுகிற ஆள். திட்டுவதையாவது வீட்டுக்குள் திட்டினாரா என்றால் அதுவும் இல்லை. பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் நின்று ஊருக்கே கேட்கும்படி திட்டினார்.

அந்த ரேடியோ மெட்ராஸை மட்டும்தான் பிடிக்கும். வேறு எதையும் திருப்ப முடியாதபடி பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் தமிழில் செய்தி வரும். எங்கள் ஊரிலோ பாதிப் பேருக்குக் கன்னடம், மீதிப் பேருக்குத் தெலுங்கு. அதனால் செய்தி முடிந்ததும் இவர் எழுந்து நின்று இரண்டு பாஷையிலும் சொல்வார். சொல்லும்போது துண்டு தோளில் இருக்கும். அதெல்லாம் ரேடியோ சொன்னது.

சொல்லி முடித்துவிட்டுத் துண்டை எடுத்துத் தலையில் கட்டுவார். அதற்குத்தான் கூட்டம் காத்திருக்கும். இனிமேல் வருவது கங்கப்பன் செய்தி. ரேடியோக்காரர் மாதிரியே குரலை இழுத்துக்கொண்டு, நாட்டில் நடக்காததை, நடக்க வேண்டியதை, நடந்துவிட்டதாகவே வாசிப்பார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பொழுது போகட்டும் என்று நானும் சிரித்திருக்கிறேன்.

கொரியாவில் சண்டை நின்ற வருஷம் அது. பிடிபட்ட கைதிகளில் கொஞ்சம் பேர் சொந்த ஊருக்குத் திரும்பிப் போக மாட்டோம் என்றார்களாம். அவர்களுக்குக் காவல் இருக்க நம் பட்டாளத்தை அனுப்பினார்கள். எங்கள் ஊர் எல்லப்பனும் அதில் போனான். பஞ்சாயத்துக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற நஞ்சம்மாவின் ஒரே பிள்ளை. அவன் கப்பல் ஏறிய கொஞ்ச நாளிலேயே அவளுடைய புருஷன் செத்துப்போனார்.

எல்லப்பன் போனதிலிருந்து இவருக்குக் கோபம் அடங்கவே இல்லை.

"எவனோ ரெண்டு பேரு எவனோட நெலத்துலயோ அடிச்சிகினாங்க. அந்தச் சண்டைக்கு நம்ம பையன் பனியில நின்னு காவல் காக்கணுமா? அவனோட அம்மாவை ஒரு வார்த்தை கேட்டாங்களா? ஒருத்தன் கையெழுத்துப் போட்டா ஊரான் பிள்ளை கப்பல் ஏறணும். அவ்வளவு பெரிய அதிகாரத்தை இவங்களுக்கு யாரு குடுத்தது?"

"நீங்கதான் ஓட்டுப் போட்டுக் குடுத்தீங்க. சாப்பிடுங்க" என்பேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கன்னடத்தில் இப்படி வாசித்தார்: "ஆல் இந்தியா ரேடியோ. செய்திகள் வாசிப்பது மத்திகிரி கங்கப்பன். அடுத்தவர் சண்டைக்கு நம் பிள்ளைகளை அனுப்பியது தப்பு என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு தாயிடமும் மன்னிப்புக் கேட்டது. பிள்ளைகள் எல்லாரும் கப்பல் ஏறிவிட்டார்கள். சங்கராந்திக்கு அவரவர் வீட்டில் இருப்பார்கள்."

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. யாரோ விசில்கூட அடித்தார்கள்.

யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாளே பண்ணை அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். சர்க்கார் உப்பைத் தின்றுகொண்டு சர்க்காரைப் பற்றிப் பேசக்கூடாது, இன்னொரு முறை பேசினால் வேலை போய்விடும், போலீசும் விசாரிக்கும் என்று மிரட்டினாராம். இவரோ ஏதோ மாலை மரியாதை கிடைத்த மாதிரி வீட்டுக்கு வந்தார்.

"வேலை போனாப் போவுது ருக்மணி. வாயைப் பூட்ட அது என்ன ரேடியோ பெட்டியா?"

அன்று சாயங்காலமும் பேசினார். கூட்டம் முன்னைவிட அதிகம்.

அதே வாரத்தில் நஞ்சம்மா வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். என்ன அக்கா என்று கேட்டேன். "பையன் சங்கராந்திக்கு வர்றான்" என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. கடுதாசி போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு நானும் சந்தோஷப்பட்டேன். ஊரே அப்படித்தான் நினைத்தது. எள்ளும் வெல்லமும் வாங்கி வைத்தாள். ஓசூரிலிருந்து பஸ் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலுக்கு வந்து நின்றாள்.

சங்கராந்திக்கு முன்னால் தந்தி வந்தது. எல்லப்பன் அங்கேயே ஜுரத்தில் செத்துப்போனான் என்று போஸ்ட் மாஸ்டர் படித்துச் சொன்னார். உடம்பை அங்கேயே எரித்துவிட்டார்களாம்.

தெரு முழுக்க அழுதது. நஞ்சம்மா மட்டும் அழவில்லை. சாவுச் சேதி கேட்டால் உடனே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். வெந்நீர் வைத்துக்கொண்டு கூப்பிட்ட பெண்களை விரட்டிவிட்டாள். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு யாராவது தலை முழுகுவாங்களா? போங்கடி" என்று கத்தினாள். ராகி மாவைக் கிண்டி இரண்டு பேருக்குக் களி உருட்டி வைத்தாள்.

அவளுடைய கொழுந்தன் ராஜப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பாவம், தூங்காத கண்.

"கங்கப்பா, அண்ணி எது சொன்னாலும் ஒத்துக்கல. பிள்ளைங்க எல்லாரும் கப்பல் ஏறிட்டாங்கன்னு ரேடியோல சொன்னாங்களாம். தந்திதான் தப்பாம். அப்படி ஏதாவது சொன்னாங்களா? நீதானே தெனமும் கேக்கிறே?"

என் புருஷன் பேயறைந்த மாதிரி நின்றார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. புருஷன் செத்து வருஷம் திரும்பாத பெண் எங்களில் ஆண்கள் கூட்டத்தில் வந்து உட்கார மாட்டாள். நஞ்சம்மா கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துதான் செய்தி கேட்டாள். குரல் கேட்கும், துண்டு தெரியாது. சிரிப்புச் சத்தமும் கைதட்டலும் அவளுக்குக் கேட்டிருக்கும். பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஊரே சந்தோஷப்படுவதாக நினைத்திருப்பாள்.

"நான் போறேன்" என்றார். தனியாக விட மனசில்லாமல் நானும் கூடப் போனேன்.

நஞ்சம்மா சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"வா கங்கப்பா. இவங்களுக்கு நீயே சொல்லு. கப்பல் ஏறிட்டாங்கன்னு சொன்னாங்க இல்ல?"

"அக்கா, அது ரேடியோ சொன்னது இல்ல. நான் சொன்னது."

"ரேடியோ சொல்றதைத்தானே நீ சொல்றே?"

"மொதல்ல அது சொல்றதைச் சொல்வேன். அப்புறம் இப்படி நடந்தா நல்லா இருக்குமேன்னு என் மனசுல இருக்கிறதைச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பாங்க."

நஞ்சம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கப்பல்?"

"அது நானா சொன்னது, அக்கா."

"சங்கராந்திக்கு வர்றது?"

"அதுவும்தான்."

"சர்க்கார் மன்னிப்புக் கேட்டாங்கன்னியே?"

அதுவும் தன் பேச்சுதான் என்று இவர் தலையை ஆட்டினார்.

"சரி, அது போவட்டும். இந்தத் தந்தியை அனுப்புனது சர்க்கார்தானே? சர்க்கார் சொல்றது அத்தனையும் பொய்யின்னு தெனமும் சொல்றது நீதானே? சுவத்துக்கு அந்தாண்ட இருந்து எல்லாத்தையும் கேட்டிருக்கேன். இதுவும் பொய்யின்னு சொல்லு கங்கப்பா. நீ சொன்னா நான் நம்பறேன்."

சொல்லிவிடுங்கள் என்று எனக்கே கத்த வேண்டும் போல இருந்தது. பொய்தான் என்று சொல்லிவிட்டால் அந்தத் தாய் இன்னும் ஒரு சங்கராந்தி வரைக்கும் வாசலில் நிற்பாள், அவ்வளவுதானே. பாழாய்ப்போன மனசு அப்படியெல்லாம் நினைத்தது.

"இல்லக்கா" என்றார். "இது நெஜம்."

சர்க்கார் வார்த்தைக்கு அவர் சாட்சி சொன்னதை என் காதால் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நஞ்சம்மா அவரைத் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ராஜப்பனைப் பார்த்து, "தண்ணி காய வைங்க" என்றாள்.

பெண்கள் நாங்கள் அவளைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தோம். முதல் சொம்பு தலையில் விழுந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கிணற்றடியில் என் புருஷன் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தார். போதும் போதும் என்று ராஜப்பன் சொன்னார். தொட்டி நிரம்பி வழிந்து கொல்லையெல்லாம் சேறாகிற வரைக்கும் அவர் இறைத்துக்கொண்டுதான் இருந்தார்.